சாமி விதி

கார்த்திகை முதல் தேதி காலையில், தாரகை சர்க்யூட்ஸ் நிர்வாக இயக்குநர் நாச்சியப்பன் தன் சொந்தக் கம்பெனி வாசலில் நின்றுகொண்டு உள்ளே போக முடியாமல் விழித்தார். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, நெற்றியில் சந்தனம், வெறுங்கால். பக்கத்தில் கொரியாவிலிருந்து வந்திருந்த விருந்தாளிகள் இரண்டு பேர். வாசல் சிவப்பு விளக்கைக் காட்டி, மிகவும் மரியாதையான பெண் குரலில், "மன்னிக்கவும், உங்களை எனக்குத் தெரியவில்லை" என்றது.

சுற்றி நின்ற யாரும் சிரிக்கவில்லை. மாதச் சம்பளக்காரர்கள் அந்த மாதிரி நேரத்தில் சிரிப்பை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சிரிப்பார்கள்.

பாதுகாப்புத் தலைவர் செசிலியா ஓடிவந்து, தன் கைரேகையை வைத்துக் கதவைத் திறந்துவிட்டாள். நாச்சியப்பன் விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு உள்ளே போனார். அதற்குள் மற்ற வாசல்களிலிருந்தும் போன் வர ஆரம்பித்துவிட்டது. எங்கே பார்த்தாலும் கறுப்பு வேட்டிகளும் நீல வேட்டிகளும் வரிசையில் நின்றன, ஒருவரையும் வாசலுக்குத் தெரியவில்லை.

தப்பு யாருடையது என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவைப்படவில்லை. அது நடையைப் பார்த்து ஆளை அறியும் வாசல். அட்டை வேண்டாம், விரல் வைக்க வேண்டாம். நாலைந்து எட்டு நடந்தால் போதும், தரையும் கேமராவும் சேர்ந்து இவர் இன்னார் என்று முடிவு செய்து கதவைத் திறக்கும். அதற்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது ஆவணி மாதத்தில். எட்டாயிரம் பேரும் ஷூவிலும் செருப்பிலும் நடந்த காலம் அது. கார்த்திகை பிறந்தால் ஒரகடம் வட்டாரத்தில் ஆண்களில் பாதிப் பேர் மாலை போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடப்பார்கள் என்பதை அதற்கு யாரும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவும் இல்லை.

இந்த வாசல் வேண்டும் என்று மூன்று வருஷம் மல்லுக்கட்டி வாங்கியவள் செசிலியாதான். தாரகையில் செய்கிற சிப்புகள் கடுகைவிடச் சின்னவை. ஒரு கைப்பிடி வெளியே போனால் ஒரு லாரி போன மாதிரி. அதனால் ஷிஃப்ட் முடிந்து போகும் ஒவ்வொரு பெண்ணையும் திரைக்குப் பின்னால் நிறுத்தி உடம்பைத் தடவிச் சோதித்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். செசிலியா தூத்துக்குடிக்காரி. மத்தியப் படையில் சேர்ந்து, விமான நிலையங்களில் அதே மாதிரி திரைகளுக்குப் பின்னால் தன் இளமையைக் கழித்தவள். சோதிக்கப்படும் பெண் கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கூரையைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை அவளுக்குப் பிடிக்காது. புதிய வாசலில் அந்தத் தொல்லை இல்லை. எதையாவது ஒளித்துக்கொண்டு போகிறவரின் நடை காலையில் வந்த நடையாக இருக்காது. அந்த வித்தியாசத்தை வாசல் பிடித்துவிடும். யாரும் யாரையும் தொட வேண்டாம்.

வாசலைச் செய்து கொடுத்த கம்பெனியின் இன்ஜினீயர் இத்ரீஸ், வாணியம்பாடிக்காரன். அன்று மதியத்துக்குள் புதிதாக ஒரு விதி எழுதிவிட்டான். அதற்கு 'சாமி விதி' என்றே பெயர் வைத்தான்.

"சாதாரணமா வாசல் தினமும் கத்துக்கும் மேடம்" என்று விளக்கினான். "ஒருத்தரோட நடையைச் சரியாப் படிக்கக் குறைஞ்சது ரெண்டு மாசம் ஆகும். படிச்ச பிறகும் விடாது. வயசாகுது, எடை கூடுது, முட்டி வலிக்குதுன்னா அதையும் சேத்து வச்சுக்கிட்டே வரும். சாமிங்க வெறுங்கால் நடையை அது படிச்சு வச்சுக்கிட்டா, தையில மறுபடி ஷூ போடும்போது தெரியாதுன்னு நிறுத்தும். அதனால சாமிங்களுக்கு மட்டும் நினைவே வேணாம்னு வச்சுட்டேன். முகமும் உயரமும் பாத்து உள்ள விடும். வந்தப்ப இருந்த நடையையும் போறப்ப இருக்கற நடையையும் அன்னிக்கே ஒப்பிட்டுப் பாத்துட்டு, நாள் முடிஞ்சதும் அழிச்சுடும்."

"அப்போ சாமி ஒருத்தரு சிப்பை எடுத்துட்டுப் போனா மாட்டுவாரா?"

"மாட்டுவார். திருட்டைப் பிடிக்க ஒரு நாள் நினைவு போதும்."

"ஒரு நாள் போதும்னா, மத்தவங்களுக்கு மாசக்கணக்குல எதுக்கு வச்சிருக்கு?"

இத்ரீஸ் கையிலிருந்த டேப்லெட்டைத் துடைத்தான். "ஆளை இன்னும் சரியா அடையாளம் காணத்தான் மேடம்" என்றான்.

நாச்சியப்பன் மனம் குளிரட்டும் என்று, மாலை போட்டவர்களைப் பார்த்தால் 'சாமி சரணம், உள்ளே வாருங்கள்' என்று சொல்லவும் வாசலைப் பழக்கிவிட்டான். மறுநாள் அந்தக் குரலைக் கேட்டு அவர் முகம் மலர்ந்தது. மாலை போட்ட எவரையும் இனி வாசல் நிறுத்தக் கூடாது, யாருக்கு இந்த விதி என்பதைச் செசிலியாவே முடிவு செய்யலாம் என்று அன்றே உத்தரவு போட்டார்.

கார்த்திகை முடிகிற சமயத்தில் ஒரு நாள், ஊழியர் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு பெண் செசிலியாவை மறித்தாள். பெயர் அஞ்சுகம், வந்தவாசிப் பக்கம். ஒப்பந்தத் தொழிலாளி, சிப்புகளைத் தட்டில் அடுக்கும் வரிசையில் வேலை. கம்பெனிச் சீருடை இல்லாமல் வீட்டுப் புடவையில் இருந்தாள்.

"மேடம், ஒரே ஒரு விசயம் கேக்கணும். கேட்டுட்டுப் போயிடறேன்."

"சொல்லு."

"காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் கூப்ட்டு, 'உடம்பப் பாத்துக்கம்மா, இனிமே வர வேணாம்'னாரு. என் உடம்புக்கு என்னான்னு கேட்டேன். சிரிச்சிக்கினே, 'ஆஸ்பத்திரில போயி கேளு'ன்னாரு. போனேன். முழுகாம இருக்கேன்னாங்க. எனக்கே அப்பதான் மேடம் தெரியும்."

செசிலியா அவளை ஓரமாக நிழலுக்கு அழைத்துப் போனாள். "வீட்டுல என்ன சொன்னாங்க?"

அஞ்சுகம் முந்தானையை விரலில் சுற்றினாள். "எங்க மாமியா ஒன்னுதான் கேட்டாங்க. 'புருசனுக்குத் தெரியறதுக்கு முன்ன சூப்பர்வைசருக்கு எப்டிடீ தெரிஞ்சுது?' அவ்ளோதான். எங்க வீட்டுக்காரரு அன்னிலேர்ந்து என்கிட்ட பேசல. ராத்திரியில கடையிலயே படுத்துக்கிறாரு."

தானாக ஓடும் பஸ் ஒன்று வந்து, காலியான ஓட்டுநர் இருக்கையோடு காத்து நின்று, யாரும் ஏறாததால் போய்விட்டது.

"ஜனவரி ஒன்னாந்தேதி எங்க வரிசைக்கு காண்ட்ராக்ட் புதுப்பிப்பாங்க" என்று அஞ்சுகம் தொடர்ந்தாள். "அதுல பேரு இருந்தா பிரசவத்துக்கு லீவு உண்டு, சம்பளம் உண்டு. இல்லன்னா ஒன்னுமில்ல. அது போனா போவுது. நான் வேலை கேட்டு வரல மேடம். அவங்களுக்கு எப்டித் தெரிஞ்சுது, அத மட்டும் சொல்லுங்க. நான் வீட்ல போயி சொல்லணும்."

"சொல்லுதேன்" என்றாள் செசிலியா. கோபம் வந்தால் அவளுக்கு ஊர்ப் பேச்சு வந்துவிடும். "வேலையையும் சேத்து வாங்கித் தாரேன். ஒன்னாந்தேதி காலையில இந்த வாசலுக்கு வா."

கட்டுப்பாட்டு அறையில் இத்ரீஸ் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். செசிலியா அவன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஒரு பொண்ணு முழுகாம இருக்கறது அவளுக்கு முன்னால சூப்பர்வைசருக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டாள். அவன் தேநீரைக் கீழே வைத்தான்.

"'ஊழியர் நலம்'னு ஒரு கூடுதல் வசதி மேடம். சுகந்தன் சார் தனியாக் கேட்டு வாங்கினது" என்றான். சுகந்தன் எச்.ஆர். தலைவர். "ஒருத்தரோட நடை மெதுவா மாறிக்கிட்டு வந்தா, என்ன காரணமா இருக்கும்னு வாசல் ஊகிச்சு எச்.ஆருக்கு அனுப்பும். முட்டித் தேய்மானம், முதுகுவலி, அப்புறம் இது. ஆரம்பத்துலயே பொம்பளைங்களுக்கு இடுப்பு மூட்டு லேசா இளகும். அவங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடி தரைக்குத் தெரிஞ்சுடும்."

"எச்.ஆர். என்ன செய்யும்?"

"எச்.ஆர். ஒன்னும் செய்யாது. காண்ட்ராக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லும்."

"எத்தனை பேரு?"

"இதுவரைக்கும் பதினொரு பேர்" என்றான், அவளைப் பார்க்காமல்.

செசிலியா தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். இந்தக் கைகளுக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. மூன்று மாத வயிறு தெரியும். புற்றுநோய்க்கு மார்பை எடுத்துவிட்டுப் பஞ்சு வைத்துக்கொண்டு வந்த பெண்ணைத் தெரியும். சட்டைக்குள்ளே பெல்ட் தடம் வீங்கியிருந்த மந்திரி வீட்டு மருமகளைத் தெரியும். கத்தி இருக்கிறதா, இல்லை, போகலாம். அதற்கு மேல் எதையும் அவள் வாய்க்குக் கொண்டுவந்ததில்லை. சோதிக்கிறவளிடம் உடம்பைக் கொடுத்து நிற்கிறார்களே, அந்த ஒரு நம்பிக்கைக்காகத்தான் அவர்கள் நிற்கிறார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். இப்போது கையே இல்லாத ஒன்று எட்டாயிரம் பேரைத் தடவிப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது. அழுகை வரும் போலிருந்தது, ஆனால் அதைவிட ஆத்திரம் முந்திக்கொண்டது.

"சாமி விதியை எல்லாருக்கும் போடு" என்றாள்.

"எல்லாருக்கும்னா?"

"எட்டாயிரம் பேருக்கும். எனக்கும் சேத்து. பழசையெல்லாம் அழிச்சிரு."

"உங்க கைரேகை இருந்தா போட்டுடலாம் மேடம். ஆனா காரணம் கேக்கும். என்னன்னு போட?"

"விரதம்னு போடு."

"நான் முஸ்லிம். நீங்க கிறிஸ்டியன்."

"ஏன், நம்ம ரெண்டு பேருக்கும் நோன்பு கிடையாதா?"

இத்ரீஸ் சிரித்துவிட்டான். பிறகு திரையில் எதையோ பார்த்து முகம் மாறினான். "அழிக்கறதுக்கு முன்னாடி ஒன்னு மேடம். அன்னிக்கு எம்.டி. சாரை நிறுத்துச்சே, அது வெறுங்காலால மட்டும் இல்ல. அவரோட இடது—"

"இத்ரீஸ்" என்று குறுக்கிட்டாள். "வாசலை எதுக்கு வச்சோம்?"

"சிப் திருட்டைப் பிடிக்க."

"அவருகிட்ட சிப் இருந்துச்சா?"

"இல்ல மேடம்."

"அப்போ அழி. அதுக்கு முன்னால ஒரு வேலை மட்டும் பாக்கி இருக்கு."

அந்த ஞாயிற்றுக்கிழமை அஞ்சுகத்தின் மாமியாரையும் புருஷனையும் செசிலியாவே போய்க் காரில் கூட்டிவந்தாள். ஆள் நடமாட்டம் இல்லாத வாசலில் அந்த அம்மாளை நடக்கச் சொன்னாள். அதுவரை சேர்த்து வைத்திருந்த எட்டாயிரம் நடைகளோடு ஒப்பிட்டு, 'வலது முட்டியில் தேய்மானம் இருக்கலாம்' என்றது திரை. இத்ரீஸ் படித்துக் காட்டினான். அந்த அம்மாள் நம்பவில்லை. மகனை நடக்க வைத்தார்கள். 'இடது கணுக்காலில் பழைய எலும்பு முறிவு இருக்கலாம்' என்றது. பத்தாவது படிக்கும்போது மதில் ஏறிக் குதித்து முறித்துக்கொண்டது அது. அவன் தரையையே பார்த்தபடி நின்றான். அம்மாள் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "பாவி, அவகிட்டப் போயி ஒரு வார்த்தை பேசுடா" என்றாள். அவர்கள் போனதும் செசிலியா கைரேகை வைத்தாள். இத்ரீஸ் எல்லாவற்றையும் அழித்தான்.

மறுநாள் முதல் வாசல் எல்லோரையும் 'சாமி சரணம்' சொல்லி வரவேற்றது. எச்.ஆருக்கு வந்துகொண்டிருந்த ஊழியர் நலம் வெறும் வெள்ளைத் திரையாகிவிட்டது. மார்கழி பிறந்து இரண்டு வாரம் ஆவதற்குள் சுகந்தன் விஷயத்தைக் கண்டுபிடித்து நாச்சியப்பனிடம் போய்விட்டார்.

நாச்சியப்பன் அறையில் ஊதுவத்தி மணத்தது. அவர் நாற்காலியில் கறுப்புத் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தார். இடது கை மாலையைப் பற்றியிருந்தது. எதிரே சுகந்தன், செசிலியா, இத்ரீஸ்.

"பல கோடி போட்டு வாங்கின சிஸ்டம் சார்" என்றார் சுகந்தன். "மேடம் அதுக்கு மறதி நோய் வர வச்சுட்டாங்க. தவிர, நாங்க யாரையும் வேலையை விட்டு எடுக்கலை. காண்ட்ராக்டர்தான் எடுத்தார்."

"காண்ட்ராக்டரைக் கேட்டா எச்.ஆர். சொன்னாங்கன்னு சொல்லுதாரு. எச்.ஆரைக் கேட்டா வாசல் சொல்லிச்சுன்னு சொல்லுதீங்க" என்றாள் செசிலியா. "வாசல் என் பொறுப்பு. அதனாலதான் அது வாயை நான் மூடினேன்."

நாச்சியப்பன் அவளைப் பார்த்தார். "திருட்டு?"

"இந்த மூணு வாரத்துல ரெண்டு பேரு மாட்டினாங்க சாமி. ரெண்டு பேரும் சாமி விதியிலதான் மாட்டினாங்க. காவலுக்கு ஒரு நாள் நினைவு போதும். அதுக்கு மேல வச்சிருந்தா அதுக்கு வேற பேரு."

"சரி. நான் உத்தரவு போட்டது மாலை போட்டவங்களுக்கு மட்டும். தை பிறந்ததும் மாலையைக் கழட்டிடுவோம். அப்ப பழையபடி மாத்திடுவீங்கல்ல?"

"கண்டிப்பா மாத்திருதேன். கம்பெனியில யாருமே விரதத்துல இல்லாத நாளாப் பாத்து நீங்களே சொல்லுங்க."

நாச்சியப்பன் கணக்கில் புலி. சவால் விட்டால் விடமாட்டார். சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றி மேஜைமேல் வைத்து, வலது கையால் தாள்களைத் தள்ளினார். தையில் பழனிக்கு நடக்கிறவர்கள், சிவப்புப் புடவை கட்டி மாலை போடும் பெண்கள். மாசி பங்குனியில் செசிலியாவின் ஆட்களுக்குத் தவக்காலம், அதோடு காவடிக்காரர்கள். ரம்ஜான் எங்கே விழுகிறது என்று இத்ரீஸைக் கேட்டார். சித்திரையில் அழகருக்கு வேண்டுதல், வைகாசியில் விசாகத்துக்கு விரதம். ஆடிக்கு வரும்போது அவரே சிரித்துவிட்டார், ஊரே காப்புக் கட்டிக்கொண்டு நிற்கிற மாதம். ஆவணியில் வேளாங்கண்ணி நடை. புரட்டாசியில் தசராவுக்கு வேஷம் கட்ட மாலை போடும் தென்பாண்டிக்காரர்களைச் செசிலியா நினைவுபடுத்தினாள். ஐப்பசியில் சஷ்டி. அப்புறம் கார்த்திகை வந்துவிட்டது.

தாள்களைப் பின்னோக்கித் தள்ளி ஒரு இடத்தில் விரலை வைத்தார். "ஆனி. ஆனியில ஒன்னும் இல்லை."

"சந்தோசம். ஆனி ஒன்னாந்தேதி மாத்திருதேன். ஆடி பிறந்ததும் திருப்பிப் போட்டிருவேன். இத்ரீஸ், வாசலுக்கு ஒருத்தர் நடையைப் படிக்க எவ்வளவு நாள் ஆகும்?"

"குறைஞ்சது ரெண்டு மாசம் மேடம்" என்றான் இத்ரீஸ். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

சுகந்தன் எழுந்துவிட்டார். "இது விதண்டாவாதம் சார்."

"அப்படியே வச்சுக்கங்க" என்றாள் செசிலியா. "பிடிக்கலன்னா என்னை மாத்திட்டு வேற ஆளைப் போடுங்க. வாசல் என் கையில இருக்கறவரைக்கும் அது நேத்து நடந்ததை நினைக்காது. அந்தப் பதினொரு பொண்ணுங்க பேரும் ஜனவரி ஒப்பந்தத்துல இருக்கணும். இல்லன்னா அவங்களை எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு லேபர் ஆபீஸ்ல நானே போய்ச் சொல்லுவேன்."

நாச்சியப்பன் செசிலியாவை நிறுத்திக்கொண்டு, மற்ற இருவரையும் வெளியே போகச் சொன்னார். கதவு மூடியதும் காலண்டரை ஓரமாகத் தள்ளினார். இடது கை மாலையை விட்டுக் கீழே இறங்கி மேஜைமேல் அமர்ந்தது. அதன் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் தாமாகவே ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்தன, கண்ணுக்குத் தெரியாத மணியை உருட்டுகிற மாதிரி.

"கார்த்திகை முதல் தேதி என்னை நிறுத்துச்சே" என்றார். "வெறுங்கால்தான் காரணமா?"

"தெரியாது சாமி."

"இத்ரீஸுக்குத் தெரியுமா?"

"சொல்ல வந்தான். நான் கேக்கல."

"ஏன் கேக்கல? இன்னிக்கு என்கிட்ட இவ்வளவு மல்லுக்கட்டுறீங்க. அதைக் கேட்டு வச்சிருந்தா ஒரே வார்த்தையில முடிஞ்சிருக்கும். கொரியாக்காரங்க முதலீட்டு ஒப்பந்தத்துல மார்ச்சுலதான் கையெழுத்துப் போடறாங்க. அதுவரைக்கும் நான் ஆரோக்கியமா இருந்தாகணும்னு உங்களுக்குத் தெரியும்."

செசிலியாவுக்கு அவர்மேல் முதல் முறையாக இரக்கம் வந்தது. "நீங்க எதையும் எடுத்துட்டுப் போகலியே சாமி" என்றாள்.

நாச்சியப்பன் இடது கையை வலது கையால் மூடிக்கொண்டார். பிறகு போனை எடுத்து, ஜனவரி ஒப்பந்தத் தாளோடு சுகந்தனைத் திரும்ப வரச் சொன்னார்.

ஜனவரி ஒன்றாம் தேதி காலையில் அஞ்சுகம் சீருடையோடு வந்தாள். அவள் புருஷன் சாலைக்கு அந்தப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, அவள் உள்ளே போகிற வரைக்கும் காத்திருந்தான். வாசலுக்கு முன்னால் அவள் கால் தயங்கியது. பக்கத்தில் செசிலியா நின்றிருந்தாள்.

"இப்பவும் அதுக்குத் தெரியுமா மேடம்?"

"நடந்தா தெரியும். சாயங்காலம் மறந்திரும்."

அஞ்சுகம் நடந்தாள். 'சாமி சரணம், உள்ளே வாருங்கள்' என்று வாசல் திறந்தது. அவள் பின்னால் வரிசையாகப் பெண்கள் வந்தார்கள். அவர்களுக்கும் அதையே சொன்னது. அப்புறம் நாச்சியப்பன் காரிலிருந்து இறங்கி, கறுப்பு வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி வெறுங்காலோடு வந்தார். வலது கால் எடுத்து வைத்த பிறகு, இடது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு ஒரு நொடி தாமதமாக வந்து சேர்ந்தது.

செசிலியா அப்போது சாலையில் வந்துகொண்டிருந்த பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.